முன்னூறு அடிக்குள்

டாக்டர் ஆரின் ஹால்வர்சன் ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தை இரண்டாம் முறையாகத் தள்ளிவிட்டார். இந்த முறை அது மேசை விளிம்பைத் தாண்டித் தரையில் கவிழ்ந்தது. மகள் க்ரெட்டா கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைக் கவனித்துக்கொள்ளும் வாண்டாவைப் பார்த்தாள். வாண்டா துணி எடுத்துவரப் போனாள்.

“அப்பா, கடிதத்த அப்புறம் படிக்கலாம். முதல்ல சாப்பிடுங்க.”

டாக்டர் ஏதோ சொன்னார். க்ரெட்டாவுக்குப் புரியவில்லை. நாற்பது வருஷம் ஊரார் வாயில் பஞ்சை அடைத்துவிட்டுக் கேள்வி கேட்ட பல் மருத்துவர் அவர். மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்ததிலிருந்து அவரே வாய் நிறையப் பஞ்சோடு பேசுவதுபோலப் பேசினார். அந்தப் பேச்சு லார்க்ஃபீல்டு நகரத்தில் ஒரே ஆளுக்குத்தான் விளங்கியது.

“இப்பவே படிக்கணுமாம்,” என்றாள் வாண்டா, தரையைத் துடைத்தபடி.

க்ரெட்டா உறையைக் கிழித்தாள். நகரத் திட்டப் பிரிவின் கடிதம். ஏரித் தெரு முனையில் மூடிக் கிடக்கும் ஸ்கேட்டிங் சறுக்கு மைதானத்தை இடித்துவிட்டு மூன்று மாடிக் கட்டடம் வரப்போகிறது. முப்பத்திரண்டு குடியிருப்புகள். வருமானத்துக்கு ஏற்ற வாடகை. அந்த இடத்திலிருந்து முன்னூறு அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்கு இந்த அறிவிப்பு அனுப்பப்படுகிறது. வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு நகர மன்றத்தில் திட்டக் குழு கூடும். கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம்.

வாண்டாவுக்கு இது புதுச் செய்தி இல்லை. கட்டுகிற நிறுவனத்தில் வீடு கேட்டுக் காத்திருப்பவர்களின் பதிவேட்டில் அவள் பெயர் ஒன்பதாவதாக இருந்தது. கட்டடத்தின் வரைபடம் ஒன்று நாலாக மடித்து அவள் கைப்பையில் இருந்தது.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. ஹார்லன் மில்ஸ் என்ற ஊரில், தங்கை வீட்டுப் பின்கட்டில் இருந்தாள். அங்கிருந்து ஐம்பத்தெட்டு மைல். காலை ஐந்து மணிக்குக் காரைக் கிளப்பினால் ஏழுக்குள் டாக்டரின் கட்டிலருகே நிற்கலாம், பனி இல்லாத நாளில். போன ஜனவரியில் சாலை மூடிவிட்டது என்று இரண்டு இரவு பேரங்காடி வாசலில் காருக்குள்ளேயே கிடந்தாள். காலையில் அங்கேயே முகம் கழுவிக்கொண்டு நேரத்துக்கு வேலைக்கு வந்துவிட்டாள். அவள் சட்டை கசங்கியிருப்பதாக க்ரெட்டா சொன்னாள்.

ஒரு நாள் மதியம் டாக்டர் தூங்கும்போது, சறுக்கு மைதானத்திலிருந்து இந்த வீட்டு வாசல்வரை நடந்து பார்த்திருந்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை தெருவார் டாக்டர் வீட்டில் கூடினார்கள். அந்தத் தெருவில் அகலமான கூடம் அவருடையதுதான். பதினோரு வீட்டிலிருந்து பதினேழு பேர். வாண்டா காப்பியும் எலுமிச்சைக் கேக் துண்டுகளும் கொடுத்துக்கொண்டு வந்தாள். பேசியவர் எதிர்வீட்டு எங்கெல். காப்பீட்டுக் கம்பெனியில் இருந்து ஓய்வுபெற்றவர், நடைமுறை தெரிந்தவர்.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. ஆளுங்களப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. யார் குடிவரப் போறாங்க, என்ன வேலை பாக்குறாங்க, ஒண்ணும் பேசக்கூடாது. குழு அதை எடுத்துக்கவே முடியாது, சட்டம் இடம் கொடுக்காது. கார் நிறுத்துற இடம், நிழல், போக்குவரத்து. இந்த மூணுக்குள்ள நில்லுங்க.”

“எனக்கு நிழல் வேணும்,” என்றாள் ஒரு அம்மாள். “என் ரோஜாச் செடி இருக்கு.”

“நிழல் உங்களுக்கு. கார் நிறுத்தம் டாக்டருக்கு. அவர் சொன்னா ஊரே கேக்கும்.”

“எப்படிக் கேக்கும்? அவர் பேசறது புரியணுமே.”

“அதான் வாண்டா இருக்காங்களே.”

எல்லோரும் திரும்பி வாண்டாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான். ரோஜாச் செடிக்கார அம்மாள் கேக் ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“வாண்டா மாதிரி ஆளுங்க வந்தா யார் வேணாங்கறா? வர்றது வேற மாதிரி ஆளுங்கல்ல.”

“இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்தட்டுமா?” என்றாள் வாண்டா.

வியாழக்கிழமை நகர மன்றத்தில் நாற்காலிகள் போதவில்லை. ஏழு உறுப்பினர்கள் மேடையில் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் டெல்பர்ட் க்ராஸ் ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். யாரையும் புண்படுத்தாமல் கூட்டத்தை முடிப்பதில் பேர்போனவர். பேச விரும்புகிறவர்கள் வாசலில் எழுத்தர் நோரீனிடம் ஒரு நீலத் தாளில் பெயரும் முகவரியும் எழுதிக் கொடுக்க வேண்டும். வாண்டா டாக்டருக்காக ஒரு தாள் எழுதினாள். பிறகு இன்னொன்று எடுத்து எழுதினாள்.

நோரீன் இரண்டாவது தாளைப் படித்தாள். “ஹார்லன் மில்ஸா? வெளியூர்க்காரங்க கடைசியில. நேரம் இருந்தா கூப்பிடுவாங்க.”

“சரிங்க.”

முதல் விண்ணப்பம் நாய் விடுதி. உரிமையாளர்கள் வெளியூர் போகும்போது நாய்களை விட்டுச்செல்ல முப்பத்தாறு அறைகள், எல்லாவற்றிலும் கதகதப்பான தரை. எல்லா அறையிலும் ஜன்னல் உண்டா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். உண்டு என்றார்கள். பதினோரு நிமிஷத்தில் ஏழு பேரும் ஒருமனதாக ஒப்புதல் கொடுத்தார்கள். ஊருக்கு அவசியமான சேவை என்று தலைவர் பாராட்டினார்.

அடுத்தது ஏரித் தெரு. நகரத் திட்ட அலுவலர் ஜோன் ரெய்லி எழுந்து அறிக்கை வாசித்தாள். நாற்பது பக்கம், அவள் ஆறு வாரம் உழைத்தது. கட்டடம் நகரத்தின் திட்டத்துக்குப் பொருந்துகிறது. உயரம் சரி. வடிகால் சரி. கார் நிறுத்துமிடம் மட்டும் விதியைவிட ஆறு குறைவு. வாசலிலேயே பேருந்து நிற்பதால் அதைத் தளர்த்தலாம் என்பது அலுவலகத்தின் பரிந்துரை.

பிறகு ஒருவர் பின் ஒருவராகத் தெருவார் வந்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிஷம். மேசையில் ஒரு விளக்கு பச்சையாக எரியும், மஞ்சளாகும், சிவப்பாகும். நிழல் விழும் என்றார்கள். ரோஜா வாடும் என்றார்கள். ஏரிக் காற்று தடைபடும் என்று ஒருவர் சொன்னார். யாரும் ஆளுங்களைப் பற்றிப் பேசவில்லை. எங்கெல் கைகட்டி உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார்.

டாக்டரின் பெயரைக் கூப்பிட்டதும் மன்றமே கைதட்டியது. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேரின் பல் அவர் கைபட்டது. வாண்டா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விளக்கு பச்சையானது.

டாக்டர் பேசினார். வாண்டா குனிந்து கேட்டு நிமிர்ந்து சொன்னாள்.

“ஆரின் ஹால்வர்சன், ஏரித் தெரு இருபத்திரண்டு. ஐம்பத்தோரு வருஷமா அங்க இருக்காராம். கார் நிறுத்த இடம் ஆறு குறையுதுங்கறது அவருக்குக் கவலையா இருக்காம்.”

டாக்டர் மறுபடி பேசினார்.

“விருந்தாளி வந்தா எங்க நிறுத்துவாங்கன்னு கேக்குறாரு.”

விளக்கு மஞ்சளானது. டாக்டருக்கு மூச்சு வாங்கியது. எழுதிக் கொடுத்ததைப் பேசுவதில் அவருக்கு எப்போதுமே பொறுமை கிடையாது. சட்டைப்பையில் எங்கெல் வைத்துவிட்டிருந்த சீட்டை எடுத்துக் கசக்கி மடியில் போட்டார். வாண்டாவின் பக்கம் முகத்தைத் திருப்பி, எரிச்சலோடு, நீளமாக ஏதோ சொன்னார்.

வாண்டா கேட்டு முடித்தாள். பிறகு மைக்கைப் பார்த்து, மருந்துச் சீட்டு வாசிக்கிற அதே குரலில் சொன்னாள்:

“கார் நிறுத்தம் எல்லாம் சும்மாங்கறாரு. மாசக் கூலிக்கு வேலை பாக்குறவங்க நம்ம தெருவுல குடியிருக்கறது வேணாம், வேலைக்கு வந்துட்டு சாயங்காலம் அவங்கவங்க ஊருக்குப் போயிடணும், அதத்தான் இங்க எல்லாரும் சொல்ல வந்தாங்க, சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லங்கறாரு.”

எங்கெல் கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

“வாண்டா,” என்றாள் க்ரெட்டா முதல் வரிசையிலிருந்து, தாழ்ந்த குரலில். “அது அவர் உங்ககிட்ட சொன்னது.”

“எனக்கு மட்டும்னு அவர் சொல்லலியேம்மா.”

தலைவர் க்ராஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். “டாக்டர், இந்தம்மா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன். நீங்க சொன்னது அதுதானா?”

டாக்டர் பொய் சொல்லிப் பழகாதவர். தவிர, மூன்று வருஷத்தில் தன் பேச்சை ஒரு எழுத்துக் குறையாமல் ஒரு கூட்டம் முழுக்கக் கேட்டது அன்றுதான். அவர் முகம் மலர்ந்தது.

“ஆமா,” என்றார். அந்த ஒரு சொல் எல்லோருக்கும் புரிந்தது.

விளக்கு சிவப்பானது.

தலைவர் நோரீன் பக்கம் சாய்ந்தார். “கார் நிறுத்தம் பத்தி டாக்டர் கவலை தெரிவிச்சார்னு எழுதிக்கம்மா.” நோரீன் எழுதிக்கொண்டாள். எங்கெல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒன்பது பேர் பேசினார்கள். ஆறு மணிக்குத் தலைவர் நோரீனிடம் எத்தனை தாள் மிச்சம் என்று கேட்டார்.

“ஒண்ணுதான். வெளியூர்.”

“நேரம் ஆயிடுச்சு. வெளியூர்க்காரங்க கருத்தை எழுத்துல அனுப்பலாம்.”

வாண்டா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். ஓட்டெடுப்பு நடந்தது. நாலுக்கு மூன்று என்று விண்ணப்பம் தள்ளுபடியானது. காரணம்: கார் நிறுத்துமிடம் ஆறு குறைவு. அந்தக் கட்டடத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேரிடம் காரே இல்லை என்பது ஜோன் ரெய்லியின் அறிக்கையில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது. அவள் நாற்பது பக்கத்தையும் அடுக்கி ரப்பர் வளையம் போட்டாள்.

வீடு திரும்பும் வழியில் க்ரெட்டா வண்டி ஓட்டினாள்.

“நீங்க அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம், வாண்டா.”

“அவர் சொல்றதச் சொல்லத்தானேம்மா கூட்டிட்டுப் போனீங்க.”

பின்சீட்டில் டாக்டர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். இரவு உணவுக்கு மீன் வேண்டும் என்றார். வாண்டா மீன் பொரித்து, முள் எடுத்து ஊட்டி, மாத்திரை கொடுத்து, படுக்க வைத்துவிட்டு ஐம்பத்தெட்டு மைல் போனாள். வரைபடத்தை வழியில் பெட்ரோல் நிலையத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

பிப்ரவரியில் ஹார்லன் மில்ஸ் முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. தங்கை வீட்டிலிருந்து பத்து நிமிஷம். இரண்டு வார முன்னறிவிப்புக் கொடுத்தாள். க்ரெட்டா ஆள் அனுப்பும் அலுவலகங்கள் மூன்றைக் கேட்டாள். எதிர்வீட்டு எங்கெலின் மனைவிக்கு இடுப்பு எலும்பு முறிந்து அவர்களும் அதே மூன்று அலுவலகங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆள் இல்லை.

கடைசி நாள் மாலை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து க்ரெட்டா செய்தித்தாளுக்கு விளம்பரம் எழுதினாள்.

“‘அனுபவமும் பொறுமையும் உள்ளவர். பனிக்காலத்திலும் தவறாமல் வரக்கூடியவர். அருகிலேயே வசிப்பவராக இருந்தால் நல்லது.’ சரியா இருக்கா, வாண்டா?”

“சரியாத்தான் இருக்கு.”

வாண்டா மேலங்கியை மாட்டிக்கொண்டாள். அப்போது டாக்டர் ஜன்னலோரமிருந்து ஏதோ சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

“அப்பா என்ன கேக்குறாரு?”

“நான் எங்க குடியிருக்கேன்னு கேக்குறாரு.”

க்ரெட்டா பதில் சொல்ல வாயெடுத்தாள். தனக்கும் தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“எங்க இருக்கீங்க, வாண்டா?”

“ஹார்லன் மில்ஸ்.”

“அவ்வளவு தூரத்துலேர்ந்தா? மூணு வருஷமாவா?” க்ரெட்டா பேனாவைக் கீழே வைத்தாள். அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “இந்தப் பக்கமே ஒரு வீடு பாத்திருக்கலாமே.”

“பாத்தேன்,” என்றாள் வாண்டா, பொத்தானைப் போட்டபடி. “வேணாம்னு மைக்ல சொன்னதும் நான்தான்.”

டாக்டரின் போர்வையை முழங்கால்வரை இழுத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.