அரை றாத்தல் படிக்கல்லு ரெண்டு

பெற்றீசியா, அண்ணன் ராயப்பன் பேசுறேன், குவைத்துல இருந்து. கெசட்டோட மொதப் பக்கம் எல்லாருக்கும். அம்மாவ ஒக்கார வச்சுப் போடு. இந்தப் பக்கத்த நீ மட்டும் ஒத்தையில கேளு.

நீ புடிச்சு அனுப்புன படச்சுருள் கெடச்சிச்சு. நான் வேல செய்யிற போட்டோக் கடையிலயே கழுவி, மத்தியானம் கட பூட்டுனப்ப செவுத்துல ஓட்டிப் பாத்தேன். நம்ம தோட்டத்து லயம், தண்ணிப் பீலி, வாசல்ல அம்மா. ரெண்டு வருசத்துக்கப்புறம் அம்மா மொகம். கோப்பையில பிளேன்டீ குடிக்கிறாங்க. ஆனா எல்லாம் ஆடுது புள்ள. லயம் ஆடுது, நாய் ஆடுது, அம்மா கையும் ஆடுது.

திரும்பத் திரும்ப ஓட்டுனேன். ஆடுறது கேமராவா, அம்மா கையான்னு புரியல. கடுதாசியில எப்பவும் "எல்லாரும் சொகம்"னு எழுதுறீங்க. நான் பயப்புடுவேன்னு எதையும் மறைக்கிறீங்களா?

அதுனால மறுபடி ஒரு சுருள் புடி. மஃறூப் நானா ஸ்டூடியோவுல கேமரா ஆடாமப் புடிக்கிற அந்தக் கம்பி கெடக்கும், கேட்டு வாங்கு. எழுவத்தொம்பதுல கோயில் திருநாளுக்குச் செஞ்சோமே, ஞாபகம் இருக்கா? அதுக்கு முந்துன வருசம் மாதா சுருவம் எறக்கத்துல வாரத நடந்துகிட்டே புடிச்சு, படம் பூரா ஆட்டம். நானா என்னா சொன்னாரு? "டேய் ராயப்பா, ஒங்க சாமி தூக்குறவங்க எல்லாரும் கசிப்பு குடிச்சிருந்தாங்களா?"

கம்பிக்கு மேல கேமராவ முறுக்கு. கீழ குறுக்குப் பட்டையில ரெண்டு பக்கமும் அரை றாத்தல் படிக்கல்லக் கட்டு. றாத்தல் போயி கிலோ வந்தப்புறம் மர்சூக் நானா பலசரக்குக் கடை மூலையில சும்மா கெடந்திச்சே, அதான். கம்பிய வெரல் மேல படுக்க வச்சுப் பாரு. எந்த எடத்துல சாயாம நிக்கிதோ, அதுக்கு ஒரு வெரக்கட மேல புடி. ரெண்டே வெரலு, லேசா. கேமரா முன்னுக்கு சாஞ்சா கொஞ்சம் பின்னுக்குத் தள்ளு. அப்புறம் படுக்க வச்சு விடு. "சேசு மரி சூசை" சொல்லி முடிக்கயில நிமுந்து நிக்கணும். வெடுக்குன்னு நிமுந்தா கீழ பாரம் கூட, கல்ல கொஞ்சம் ஏத்திக் கட்டு. மஃறூப் நானா "பிஸ்மில்லா" சொல்லிப் பாத்தாரு. ரெண்டும் ஒண்ணாத்தான் முடிஞ்சிச்சு, சிரிச்சோம்.

அப்பவும் நடந்தா என் கையில ஆடுச்சு, நானா கையிலயும் ஆடுச்சு. நீ பல்லக் காட்டிக்கிட்டு நின்ன. தேயிலக் கொழுந்து நிறுத்துட்டு வந்த அம்மா, கூடைய எறக்கி வச்சுட்டு, "இங்க குடுங்கடா"ன்னாங்க. ரெண்டு வெரல்ல புடிச்சு, ஸ்டோர் ரோட்டுல இருந்து லயம் வரைக்கும் அந்தப் படியில எறங்குனாங்க. மழ பேஞ்சு வழுக்குற படி. அந்தச் சுருள்ல ஒரு ஆட்டம் இல்ல. தண்ணி மேல போற மாதிரி லயம் கிட்ட வந்திச்சு.

"மரியநாயகி அக்கா, நாளைக்கே ஸ்டூடியோவுக்கு வாங்க"ன்னாரு நானா.

"முழு நாளு சம்பளத்துக்குப் பேரு போடுவீங்கன்னா வாரேன் தம்பி"ன்னாங்க அம்மா.

அந்தக் கைதான் புள்ள இது. அதான் எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்குது.

இந்தத் தடவ நீ நடக்காத. வாசல்ல ஒரே எடத்துல நில்லு. அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத, கோப்பைய மட்டும் கையில குடு. அவங்களுக்குப் பின்னாடி கதவு நெல முழுசாத் தெரியணும். நெல ஆடாம கோப்ப மட்டும் ஆடுச்சுன்னா, ஒப்பந்தத்துல மிச்சம் இருக்குற பதினாலு மாசத்த நான் பாக்க மாட்டேன். முதலாளிகிட்ட அழுதாவது பாஸ்போட்ட வாங்கிக்கிட்டு வந்துருவேன்.

நெலையும் சேந்து ஆடுச்சுன்னா, கம்பி புடிக்கத் தெரியாத கழுதன்னு அடுத்த கெசட்டு பூரா ஒன்னய ஏசுவேன். ஒன்னய ஏசணும்னுதான் மாதாகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்.