முப்பது தப்படி

நவம்பர் பிறந்தால் வட ஜப்பானின் நோஷிரோ ஊருக்கே ஒரே நாளில் பனி ஞாபகம் வந்துவிடும். அன்று காலை எங்கள் டயர் கடை வாசலில் பனி டயர் மாட்டப் பதினொரு வண்டிகள் நின்றன. ஐந்தாவதை ஜாக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது செகிதோ தன் அம்மாவின் சின்ன வெள்ளைக் காரில் வந்து இறங்கினான். பின்னாலிருந்த பனி டயரை இடது கையால் இழுத்தான். வலது கை இப்போது தோளுக்கு மேலே போகாது. மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் பந்தெறிந்த கை அது.

"என்னடா நவா, கிரீஸ்லயே குளிச்சியா?" என்றான்.

"நீ எப்படா ஊருக்கு வந்தே?"

"போன வாரம். அடுத்த வருஷம் நீ வேணாம்னு டீம்ல சொல்லிட்டாங்க. அஞ்சு நிமிஷங்கூட ஆகல." சிரித்தான்.

பள்ளி பேஸ்பால் அணியில் மூன்று வருடம் அவன் முதுகில் முதல் பந்துவீச்சாளனின் எண் ஒன்று, என் முதுகில் கடைசி எண் பதினெட்டு. நான் ஒரு பந்துகூட ஆடியதில்லை. ஆட்டம் நடக்கும்போது கோச் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது. சொல்ல ஏதாவது இருந்தால் பெஞ்சிலிருந்து ஒருவன் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும். எங்கள் அணியில் ஓடுகிறவன் நான். பெஞ்சிலிருந்து பந்து வீசும் மேட்டுக்கு முப்பது தப்படி. பேஸ்பாலில் நான் கிழித்தது அவ்வளவுதான்.

கடைசி வருடம், மாவட்ட இறுதி ஆட்டம். ஜெயித்தால் கோஷியென் மைதானத்துக்கு, அகில ஜப்பான் பள்ளிப் போட்டிக்குப் போகலாம். வலைக்குப் பின்னால் தொழில்முறை அணிகளின் ஆட்கள் செகிதோவை எடுப்பதற்காகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதில் எட்டாவது சுற்றில் கோச் குமகாய் சார் என் தோளைப் பிடித்தார். "கை எப்படி இருக்குன்னு கேளு. வலின்னா இப்பவே மாத்திடறேன்."

ஓடினேன். செகிதோ கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு, "தோள்ல ஏதோ அறுந்துடுச்சுடா. தூக்க முடியல. சார்கிட்ட சொல்லு" என்றான். உதடு வெளுத்திருந்தது.

திரும்பி ஓடிய அந்த முப்பது தப்படியில் நான் நினைத்ததெல்லாம் என்னைப் பற்றித்தான். தோற்றால் இன்றோடு சரி. கோஷியென் மண்ணை மிதிக்காமலேயே என் ஆட்டம் முடிந்துவிடும். ஒரே ஓர் ஓட்டத்தில்தான் முன்னால் இருந்தோம். அவனை விட்டால் வீச உருப்படியாக ஆளில்லை.

"ஒண்ணுமில்லையாம் சார். அவனே முடிக்கிறேங்கறான்" என்றேன்.

ஜெயித்தோம். அழுகையும் கட்டிப்பிடித்தலுமாய் எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தபோது செகிதோ என்னிடம் கேட்டான்: "சார் மாத்த மாட்டேன்னுட்டாரா?" நான் ஆமென்று தலையை ஆட்டினேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக்கொடுத்தது.

கோஷியெனில் வேறொருவன் வீசி முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். தோற்றவர்கள் அள்ளிவரும் வழக்கப்படி அந்த மைதானத்து மண்ணை மட்டும் பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். முதல் ஆளாக எடுப்பார்கள் என்றிருந்த செகிதோவை, பழைய பெயருக்காக ஓர் அணி கடைசி கடைசியாக, பயிற்சி ஆட்டக்காரனாக எடுத்தது. முதுகில் மூன்று இலக்க எண். இரண்டு அறுவை சிகிச்சை. மூன்று வருடத்தில் ஒரு ஆட்டம்கூட இல்லை. ஜெயிக்கிற வெறியில் பையன் கையை ஒடித்த மனுஷன் என்று ஊர் பேசியதில் சார் வேலையை விட்டார்.

"நவா." கடைக்கு எதிரே வரிசையில் நின்ற சாம்பல் நிறக் காரின் கண்ணாடி இறங்கியது. குமகாய் சார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள செகிதோதானே? என்னைப் பார்த்தா கிளம்பிடுவான். மூணு வருஷமா போனை எடுக்கல. வலியை மறைச்சான், சரி. அதை நான்தான் கண்டுபிடிச்சிருக்கணும். வேற என்ன தப்பு பண்ணேன்னு கேட்டுட்டு வா. நீதான் நல்லா ஓடுவியே."

பாவி, என் கால் பழக்கதோஷத்தில் நடந்தது.

செகிதோ டயர் மேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். சார் சொன்னதை, வலியை மறைச்சான் என்பதை மட்டும் விழுங்கிவிட்டு, மீதியை அப்படியே சொன்னேன். அவன் காபி டப்பாவைக் கீழே வைத்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவன் கண் கலங்கியது.

"அன்னிக்கு நான் உங்கிட்ட சொல்லி அனுப்பினேனே, அதைக் கேட்டதும் அவர் முகம் எப்படிடா இருந்துச்சு? ஒரு நிமிஷமாவது யோசிச்சாரா? அதை மட்டும் கேட்டுட்டு வா. யோசிச்சேன்னு சொன்னா போதும், நானே வந்து கும்பிட்டுடறேன்."

வெளியே பொடிப்பனி விழ ஆரம்பித்திருந்தது. கடையிலிருந்து அந்தக் கார் வரைக்கும் முப்பது தப்படிகூட இருக்காது. போய் நின்றேன். கை தானாகத் தொப்பியைக் கழற்றியது. ஒரு நட்டு இன்னும் உள்ளங்கையில் இருந்தது. சார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். மூன்று வருடத்துக்கு முன் பெஞ்சில் எனக்காகக் காத்திருந்த அதே முகம்.

"என்னடா சொன்னான்?" என்றார்.