மரம்: ஹெம்லாக்

“என் காளானத் திருப்பிக் குடுத்துரு, மார்னி” என்று ஆர்டிஸ் என் மேசைமுன் வந்து நின்றாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். போன இலையுதிர்காலத்தில், தன் வீட்டுக்குப் பின்னால் நின்ற ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்திலிருந்து, அரக்குப் பூசியதுபோல் மின்னும் சிவப்புத் தட்டுக்காளான் ஒன்றை அறுத்து உலர்ந்த செடி, காளான் மாதிரிகளைக் காக்கும் எங்கள் பல்கலைக்கழகக் களஞ்சியத்துக்குக் கொடுத்தாள். நான்தான் உலர்த்தி, உறையிலிட்டு, அவள் பெயரையும் இடத்தையும் மரத்தையும் எழுதி ஒட்டினேன். விஸ்கான்சினில் எங்கள் மாவட்டத்திலிருந்து, ஹெம்லாக்கில் வளரும் அந்த இனத்துக்கு அது ஒன்றுதான் பதிவு.

போன வாரம் எங்கள் காளான் நிபுணர் டாக்டர் விட்மோர் அதன் உறைமேல் ஒரு சீட்டு ஒட்டிவிட்டார். இந்த மாவட்டத்தில் ஹெம்லாக் கிடையாதாம். அந்தம்மா ஏதோ மேப்பிள் மரத்தைப் பார்த்துக் குழம்பிவிட்டாராம். ஆகவே இது மேப்பிளில் வரும் சாதாரண இனமாம். நேரில் போய்ப் பார்க்கவும் வழியில்லை. மின்கம்பிக்காரர்கள் ஜனவரியில் அந்த மரத்தை வெட்டி அரைத்துத் தூளாக்கிவிட்டார்கள்.

“மேப்பிளுக்கும் ஹெம்லாக்குக்கும் வித்தியாசம் தெரியாதவன்னு என் பேர்ல எழுதி இங்க கெடக்க வேணாம்” என்றாள்.

உள்ளே வந்தது வெளியே போகாது என்றேன். ஒட்டிய சீட்டை, தப்பே ஆனாலும், யாரும் கிழிக்கக் கூடாது. பெரிய மனிதர்களின் நூறு வருடத் தவறுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். சொல்லச் சொல்ல எனக்கே எரிச்சலாக வந்தது. உறையைப் பிரித்துக் காளானை உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். வளரும்போது எதிர்ப்பட்டதை விழுங்கிவிடும் ஜாதி அது. விளிம்பில், பாதி சதைக்குள்ளும் பாதி வெளியிலுமாக, குட்டையான தட்டை ஊசியிலை ஒன்று. அடிப்பக்கத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள், ஹெம்லாக்கின் அடையாளம்; மேப்பிளுக்கு அகன்ற இலை.

ஆர்டிஸ் வெகுநேரம் பார்த்தாள். நான் புதுச் சீட்டில் எழுதினேன்: ‘மரம் ஹெம்லாக். இலை சதைக்குள் உள்ளது. பார்த்தவர் மார்னி ஹோல்ஸ்டாட்.’ பெயருக்கு முன்னால் போட என்னிடம் பட்டம் எதுவும் இல்லை.

விட்மோர் வாசலில் வந்து நின்றார். இலையைப் பற்றிச் சொன்னதும், அந்தக் காளான் வேறு ஊரில் பொறுக்கியதாக இருக்கலாமே என்றார். பிறகு, சீட்டு ஒட்ட எனக்கு என்ன தகுதி என்றும் கேட்டார். இங்கே வேலை பார்த்த பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அவரை எதிர்த்துப் பேசினேன்.

“நான் பாத்தேன், டாக்டர். நீங்க உறையப் பிரிக்கவே இல்ல. வேற ஊருன்னு தோணினா நீங்களும் ஒண்ணு எழுதி ஒட்டுங்க, எடமிருக்கு.”

பசை தடவிச் சீட்டை வைத்தேன். ஆர்டிஸ் கையுறையைக் கழற்றி, அதன்மேல் கட்டைவிரலை அழுத்தினாள். பசை காய்ந்த பிறகும் விரலை எடுக்காமல், அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.