நாற்றுக்கு நன்றி சொல்லாதே

1

"தண்டைப் பிடிக்காதீங்க அத்தான், இலையைப் பிடிங்க! தண்டு நசுங்கினா அவ்வளவுதான்!"

இர்மெலி கத்தினாள். வாயகலமாக வெட்டிய பால் அட்டைப்பெட்டிக்குள் தக்காளி நாற்றுகள் வேரோடு வேர் பின்னி நெருக்கியடித்து நின்றன. ஓர் ஓரத்தில் அழுகல் கண்டுவிட்டது. இப்போதே பிரித்து நட்டாக வேண்டும்.

(இந்தக் கதை முளைத்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வசந்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலாக ஒரு நாற்றை நீட்டினாள். தொண்டை வரை வந்த நன்றியை விழுங்கினேன். இங்கே ஃபின்லாந்தில் நாற்று தந்தால் யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் அது பிழைக்காது. அப்படி விழுங்கிய சொல்லெல்லாம் எங்கே போகும் என்று யோசித்தேன். இர்மெலி வந்து நின்றாள்.)

2

ஜன்னலுக்கு வெளியே இன்னும் உருகாத பனியைப் பார்த்தபடி இர்மெலி தன் அக்காவின் கடைசி நாட்களை—

வேண்டாம். நாற்று காத்திருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். அக்கா லெம்பி இறந்து ஒரு குளிர்காலம் ஆகிறது. வருஷா வருஷம் அவளே விதையெடுத்துக் காப்பாற்றிய ரகம் இது. வேறு யாரிடமும் இல்லை. அவள் புருஷன் தாயிஸ்தோ, மிச்சமிருந்த விதை மொத்தத்தையும் ஒரே பெட்டியில் கொட்டிவிட்டார். இவை போனால் லெம்பியின் தக்காளி பூண்டற்றுப் போகும்.

"விதை போட்டீங்களா, சூப்புக்கு உப்பு போட்டீங்களா?"

"உங்கக்கா இருந்தவரைக்கும் என்னைக் கிட்ட விட்டாளா? எனக்கென்ன தெரியும்?"

3

அவர் பென்சில் முனையால் நெம்பி நீட்ட, அவள் வாங்கித் தயிர்க் கோப்பையில் நட்டாள். அடுத்ததற்குக் கை நீட்டும்போதே முதல் நாற்று படுத்துவிட்டது. அழுகலில்லை, வாட்டமில்லை. தூக்கம் வந்த குழந்தை போல மண்ணில் தலைசாய்த்துக் கிடந்தது.

இரண்டாவதும் சாய்ந்தது. அதற்கடுத்ததும்.

"அத்தான், நன்றி கின்றி சொல்லித் தொலைச்சீங்களா?"

"கொடுக்கறவன் எதுக்குச் சொல்றான்? வாங்கறவங்கதானே சொல்லணும்."

"நான் வாயே திறக்கலையே!"

தாயிஸ்தோ தலையை ஒருபக்கம் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு.

(இந்த இடத்தில் கதவு தானாகத் திறந்தது என்று ஒரு வரி எழுதினேன். தொடர்கதைப் புத்தி. அடித்துவிட்டேன். கதவுக்கு வெளியே யாருமில்லை.)

"நிறுத்துங்க! மிச்சத்தைக் கொத்தாவே நட்டுடலாம். ஒண்ணாவது பிழைக்கட்டும்."

"இன்னும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு, இர்மெலி."

அவர் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. கை நீட்டினாள். அப்படியே பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது.

4

இப்போது அவர் உள்ளங்கையில் கடைசி நாற்று.

முடிவு ஒன்று: அவரே அதை நடுகிறார். கோடையில் லெம்பியின் தக்காளி பழுக்கிறது.

முடிவு இரண்டு: அதையும் அவளிடம் நீட்டுகிறார்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். நீங்களே தீர்மானியுங்கள். ஆனால் இவ்வளவு நேரம் உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். இர்மெலிக்கு அது தெரியாது. தாயிஸ்தோவுக்கு முதல் நாற்றிலேயே தெரியும்.

ஒவ்வொரு நாற்றை வாங்கும்போதும் இர்மெலியின் உதடுகள் அசைந்தன.

"நன்றி, தாயிஸ்தோ."

குரல் லெம்பியுடையது.