கப்பல் நிற்கும் இடம்

மோர்மிளகாயை வாழைச்சருகில் பொதிந்து முருகேஸ்வரி கட்டிக்கொண்டிருந்தபோது செந்தில்முருகன் போன் பண்ணினான்.

"எம்மா, நல்லா காஞ்சதாப் பாத்து வையி. கடக்காத்துல நமுத்துப் போயிரும்."

"எனக்குச் சொல்லித் தாரியோல நீ?"

"நான் இப்பம் பண்டாரி, தோணிச் சமையக்காரம்லா. தோணியில அம்புட்டுப் பேருக்கும் நாந்தான் வடிக்கேன். நீ ரெண்டு பேருக்குத்தான வடிக்க?"

"அந்தக் கைதாம்ல ஒனக்கும் வடிச்சுப் போட்டுச்சு."

அவன் சிரித்தான். சாயங்காலம் தோணி புறப்படுது, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருங்க, என் சமையலைத் தின்னு பாத்துட்டுப் போங்க என்று சொல்லிவிட்டு வைத்தான்.

ஓட்டப்பிடாரத்தில் ஒரு ஓட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்த பையன். அங்கே சாப்பிட வந்த ஒரு தண்டல், தோணியை ஓட்டிப் போகிறவர், அவன் கைப்பக்குவம் பிடித்துப்போய்க் கூப்பிட்டார். ஆடிக்காற்று ஓய்ந்து ஆவணியில் தோணிகள் கடலில் இறங்கும்போது அவனும் போகிறான். மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு முதல் பயணம். ஆற்றங்கரையில் நெல் விளைவிக்கிற அவர்கள் குடும்பத்தில் கடலுக்குப் போனவர் யாருமில்லை. அவனுடைய அப்பா இசக்கியப்பன், ஊரில் 'தோணி' என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பலில் வேலை என்று சொன்னார். கப்பல் என்றதும் கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்த பிறகு அவருக்கே அது பழகிவிட்டது.

தூத்துக்குடிப் பழைய பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஒரு கண்டக்டரிடம் வழி கேட்டார்.

"கப்பல் நிக்கிற எடத்துக்குப் போகணும். மவன் கப்பல்ல இருக்கான்."

முருகேஸ்வரி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "தோணின்னுல்லா சொன்னான்."

"சும்மா கெடளா. தோணின்னா மீன் புடிக்கப் போறாம்னு நெனப்பாங்க."

கண்டக்டர் ஹார்பர் வண்டியைக் கைகாட்டினார். அவர்களுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைக் காட்டி அவர் ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தார். மோட்டார் பம்புக்குச் சாமான் வாங்க இரண்டொரு முறை வந்ததைத் தவிர அவருக்கும் அந்த ஊரைத் தெரியாது. ஆனாலும் அவள் தலையாட்டிக் கேட்டாள். கல்யாணமான புதிதில்கூட அவர் அவளை இப்படி எங்கும் கூட்டிக்கொண்டு போனதில்லை.

துறைமுக வாசலில் துப்பாக்கி வைத்திருந்த காவலர் பாஸ் கேட்டார். இல்லை என்றதும் ஓரமாக நிற்கச் சொன்னார். போன் பண்ணினார்கள், மணி அடித்தது, பையன் எடுக்கவில்லை. அடுப்படியில் இருப்பான், முடித்துவிட்டு வருவான் என்று கண்டெய்னர் லாரிகளின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கழித்து அவனே கூப்பிட்டான்.

"எப்பா, எங்க நிக்கிய?"

"கேட்டுலதாம்ல நிக்கோம்."

"நானும் கேட்டுலதான நிக்கேன். போனைச் சார்ஜுல போட்டுட்டு அப்பலேருந்து இங்கனதான் நிக்கேன். ஒங்களைக் காணுமே."

அவள் போனைப் பிடுங்கினாள்.

"எம்மா, மாதா கோயில் தெரியுதா ஒனக்கு?"

"கோயில் ஒண்ணும் தெரியல. புகைக்கூண்டுதான் தெரியுது."

"புது ஹார்பருக்குப் போயிட்டியளா? தோணியெல்லாம் பழைய ஹார்பர்ல்லாம்மா நிக்கும். ஆட்டோ புடிச்சு வா. சீக்கிரம் வா."

ஆட்டோக்காரர் ஷாம் வேகமாகத்தான் ஓட்டினார். "கப்பல்ல போற புள்ளைக்கு மோர்மிளகாயா அண்ணாச்சி? அங்க கேக்கும் ரொட்டியும்லா குடுப்பான்."

"கப்பல் இல்ல. தோணி," என்றார் இசக்கியப்பன்.

"அடப் பாவமே. இத அங்கனயே சொல்லிருந்தா பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்தே போயிருக்கலாமே."

சாலையில் லாரிகள் வரிசையாக நின்றன. மறுபடி போன் அடித்தது. தண்டல் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டார் என்றான். பிறகு, பரவாயில்லம்மா, திரும்பி வந்ததும் பாத்துக்கலாம் என்றான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தோணித்துறையில் வெங்காயத் தோல்தான் கிடந்தது. வெளியே கடலில் சில தோணிகள் தெரிந்தன. முருகேஸ்வரி ஒன்றைப் பார்த்துக் கையை உயர்த்தி வீசினாள். அது கண்ணுக்குச் சிறியதாகும்வரை வீசினாள். மூட்டை தூக்குகிற ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"நீங்க பாக்கது கொழும்புத் தோணில்லா, யக்கா. மாலத்தீவுத் தோணி அந்தா, அந்தக் கடைசில போகுது."

அவர் காட்டிய இடத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பாதிக் கடலில் தோணியின் பலகை பிரிந்து, தண்ணீர் ஏறி மூழ்கியது. வழியில் போன ஒரு சரக்குக் கப்பல் எல்லாரையும் தூக்கியது, செந்தில்முருகனைத் தவிர. நாள்கணக்கில் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

தண்டல் ஜாக்சன் ஊர் திரும்பிவிட்டார் என்று தெரிந்ததும் அவர்கள் மறுபடி தூத்துக்குடிக்குப் போனார்கள். இந்த முறை யாரிடமும் வழி கேட்கவில்லை. பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போனார்கள். ஜாக்சன் ஒரு கையில் கட்டுப் போட்டிருந்தார். அவர்களைக் கண்டதும் எழுந்து நின்றவர், கடைசிவரை உட்காரவே இல்லை.

"ஆத்துல அக்கரை இக்கரை நீந்துவானே அவன்," என்றார் இசக்கியப்பன்.

"நீந்துனான் அண்ணாச்சி. பாத்தேன். ஆனா அங்கன கரைன்னு ஒண்ணு இல்லையே."

முருகேஸ்வரி மெதுவாகக் கேட்டாள். "நாங்க வாரதாச் சொன்ன அன்னைக்கு, சோறு வடிச்சானாய்யா?"

"வடிச்சாம்மா. ரெண்டு பேருக்குக் கூடவே வடிச்சான். தனியா எடுத்து மூடி வச்சிருந்தான், ஒருத்தனையும் தொட விடல. 'அப்பாவும் அம்மாவும் வாராவ'ன்னான். கரை மறைஞ்ச பெறவுதான் எடுத்து எங்களுக்குப் பங்கு வச்சான்."

"என்ன குழம்பு வச்சிருந்தான்?"

"மீன் குழம்பு," என்றார் ஜாக்சன். பிறகு, "இல்ல, அது மறுநாளு. அன்னைக்கு... மாதாவே, ஞாபகம் வரலம்மா."

அவள் விடவில்லை. தோணியில் போன மற்றவர்களைக் கூப்பிடச் சொன்னாள். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கருவாட்டுக் குழம்பு என்றார். இன்னொருவர் யோசித்து, சாம்பார் மாதிரி இருந்தது என்றார். அவள் மாற்றி மாற்றி அவர்கள் முகத்தைப் பார்த்தாள். புளி தூக்கலா இருந்துச்சா, தேங்கா அரைச்சு விட்டிருந்தானா என்று கேட்டாள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோணி போனதையும் தண்ணீர் ஏறியதையும் சொன்னபோது அழாதவள், அங்கே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"விடுளா," என்றார் இசக்கியப்பன். "என்ன கொழம்பா இருந்தா என்ன."

அவள் அவரைப் பார்த்தாள்.

வீட்டில் எதை வைத்துக் காரியம் செய்வது என்று பெரியவர்களுக்குள் பேச்சு நடந்தது. ஒருவர் தர்ப்பையில் உருவம் செய்யலாம் என்றார். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முருகேஸ்வரி அடுப்பைப் பற்ற வைப்பாள், எதை வைப்பது என்று தெரியாமல் அணைத்துவிடுவாள். பக்கத்து வீட்டுச் சங்கரம்மாள்தான் இரண்டு வேளையும் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது, சின்ன வயசிலிருந்து அவனைத் தூக்கி வளர்த்த உரிமையில், அன்று அவர்கள் போனது தெரியாமல், ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஏளா, மொத மொதப் போற புள்ளைய ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வந்திருக்கக் கூடாதா? போக முடியாத தூரமா அது?"

முருகேஸ்வரி தட்டைக் கீழே வைத்தாள்.

தூரமில்லை. ஸ்ரீவைகுண்டம் வழியாகப் போகிற பஸ் கிடைத்தால் தூத்துக்குடி ஒரு மணி நேரம்தான்.