ஏறாத பயணிக்கு ஒரு தட்டு

அந்த விமான நிறுவனத்தில் மாமியார் என்று சொன்னால், அது யார் வீட்டு மாமியாரும் இல்லை. சாதாரணப் பயணி மாதிரி முதல் வகுப்பில் ஏறி, சாப்பாடு, பானம், உபசரிப்பு எல்லாவற்றுக்கும் ரகசியமாக மதிப்பெண் போட்டு, இறங்கிப் போன பிறகு அறிக்கை அனுப்பும் ஆளுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் அது. மீசை வைத்த ஆம்பளையாக இருந்தாலும் மாமியார்தான். உள்நாட்டில் பறக்கும் மூன்று கம்பெனிகளிலும் மாறிமாறி ஏறி, எந்தக் கம்பெனி சூப் சூடாக இருந்தது, எந்தக் கம்பெனிப் பெண் முகம் கோணாமல் பரிமாறினாள் என்று ஒப்பிட்டு எழுதுவதுதான் அவருக்கு வேலை. எப்போது ஏறுவார், எந்த இருக்கையில் இருப்பார் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால் ஆளுக்கொரு அடையாளம் சொல்லிக்கொள்வார்கள். எதையும் முழுசாகச் சாப்பிடமாட்டார், ஒவ்வொன்றிலும் மூன்று வாய்தான். வேண்டுமென்றே எதையாவது கொட்டுவார். சும்மா சும்மா கடிகாரம் பார்ப்பார். கடைசியில், கொடுக்கக் கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பார். அங்கேதான் பொறி.

இஸ்திரிக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். பதினொரு வருடமாகப் பறக்கிறாள்; எத்தனை மணி நேர வேலையானாலும் சீருடையில் ஒரு சுருக்கம் விழாது என்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் அது. அப்படிப்பட்டவளுக்குப் போன முறை மாமியார் போட்டது நூற்றுக்கு ஐம்பத்தேழு.

காரணத்தைக் கேட்டால் யாருக்கும் வயிறு எரியும். பின்வரிசையில் ஒரு பெரியவர் நடுநடுங்கி உட்கார்ந்திருந்தார். முதல் வகுப்பில் சூப் மிஞ்சியிருந்தது. ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தாள், அவ்வளவுதான். 'முதல் வகுப்பு உணவு, உரிமையில்லாத பயணிக்குப் போனது. விதிமீறல்' என்று அறிக்கையில் வந்தது. இன்னொரு முறை அறுபதுக்குக் கீழே போனால் பறக்கிற வேலை கிடையாது. கவுன்டரில் நின்று பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டவேண்டியதுதான். வீட்டில் கணவனிடம் சொன்னபோது, "நல்லதாப் போச்சு, ராத்திரியாவது வீட்டுல இருப்ப" என்றான். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவளுக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை இது ஒன்று. அதையும் பிடுங்கிக்கொண்டால் தான் யார் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இனிமேல் விதிப்புத்தகம் எழுத்துக்கு எழுத்து. இரக்கமெல்லாம் வீட்டோடு.

அன்று மத்தியான விமானம், இரண்டு மணி நேரப் பயணம். முதல் வகுப்பில் பன்னிரண்டு இருக்கை, ஐந்து பேர். ஆனால் அடுப்படியில் ஆறு தட்டு ஏற்றியிருந்தார்கள். இரண்டாம் வரிசையில் நடைபாதையை ஒட்டிய இருக்கைக்கு டிக்கெட் போட்டவர் வரவில்லை. அந்த டிக்கெட்டை யாரும் ரத்து செய்யவும் இல்லை. அதற்குப் பக்கத்தில், ஜன்னலோரத்தில், அறுபது வயதிருக்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். மடியில் ஒரு நோட்டு.

ஈரத் துவாலையை நீட்டும்போது இஸ்திரி நோட்டை ஓரக்கண்ணால் பார்த்தாள். பகீரென்றது. தாளில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு மூன்று பத்தி பிரித்து, மேலே மூன்று விமானக் கம்பெனிகளின் பெயர்கள். இடது ஓரத்தில் சாப்பாடு, குடிக்க, கவனிப்பு. கட்டங்களுக்குள் பொடிப்பொடியாக எழுத்து. 'சூப் நன்று, உப்பு குறைவு.' 'டீ ஆறிப்போனது.' 'போர்வை கேட்கும் முன்னே வந்தது.' 'சிரிப்பு உதட்டோடு சரி.' மூன்றாவது பத்தி அவளுடைய கம்பெனி. அதில் முக்கால்வாசி காலி.

அடுப்படித் திரையை இழுத்துவிட்டு, வண்டியில் கோப்பை அடுக்கிக்கொண்டிருந்த பெரியக்காவிடம் போனாள். விமானத்தில் மூத்தவள் அவள், பின்பக்கத்துப் பொறுப்பு.

"பெரியக்கா, மாமியார் ஏறியாச்சு. ரெண்டாவது வரிசை, ஜன்னலோரம்."

"நிஜமாவா? எப்படித் தெரியும்?"

"நோட்டையே பாத்தேன். மூணு கம்பெனிக்கும் கட்டம் போட்டு வச்சிருக்காரு. அவ்வளவு தைரியமா மடியில விரிச்சு வச்சிருக்காரு."

"அப்ப உன் பாடு அதோகதிதான்" என்று சிரித்த பெரியக்கா, அவள் முகத்தைப் பார்த்து உடனே சிரிப்பை நிறுத்தினாள். "பயப்படாத. புத்தகத்துல இருக்கறத மட்டும் செய். எவன் என்ன கேட்டாலும் புத்தகம்."

இஸ்திரி புத்தகத்தை அப்படியே நடத்திக் காட்டினாள். சூப் கிண்ணத்தை, அதன் காதுகள் பயணியின் கைப்பக்கம் வரும்படி திருப்பி வைத்தாள். ரொட்டியைத் துணி போர்த்திக் கொண்டுவந்தாள். அந்த மனிதர் சூப்பில் மூன்று கரண்டி குடித்தார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார். பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். கோழியில் மூன்று வாய். புட்டிங்கில் மூன்று வாய்.

"இந்த சூப்புல என்ன போட்டிருக்கு?"

"பூசணி, கொஞ்சம் இஞ்சி, மேல கிரீம் சார்."

"இஞ்சியா. சரி." அதையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தார்.

பழச்சாறு கொடுத்தபோது கோப்பை அவர் கையிலிருந்து நழுவிப் பக்கத்து இருக்கையில் கொட்டியது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. காலி இருக்கையில் நாலு சொட்டு விழுந்ததற்கு, குழந்தை மேல் கொட்டிவிட்ட மாதிரி கைக்குட்டையால் அழுத்தி அழுத்தித் துடைத்தார். இஸ்திரி பதறவில்லை. இருபது விநாடியில் துணி, நாற்பது விநாடியில் புதுக் கோப்பை. "பரவாயில்ல சார், இது எல்லாருக்கும் நடக்கறதுதான்." மனசுக்குள், எவ்வளவு அழகாக நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் பக்கமே கண்ணாக இருந்ததில் மற்ற நாலு பேர் இருந்த இடம் தெரியவில்லை. மூன்றாம் வரிசையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு ரொட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அப்படிச் சாப்பிடுகிறவர்கள் எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

தட்டுகளை எடுக்க ஆரம்பித்தபோது அந்த மனிதர் அவளைக் கூப்பிட்டார்.

"ஒரு உதவி செய்யணும்மா. இந்தப் பக்கத்து சீட்டுக்கும் ஒரு தட்டு வைக்க முடியுமா?"

வந்துவிட்டது பொறி. இஸ்திரி உள்ளுக்குள் நிமிர்ந்துகொண்டாள்.

"உங்களுக்கு இன்னும் ஏதாவது வேணுமா சார்? ரொட்டி கொண்டு வரட்டுமா?"

"எனக்கில்ல. இந்த சீட்டுக்கு. இதுவும் எங்க டிக்கெட்தான்."

"மன்னிக்கணும் சார். விமானத்துல ஏறாத பயணிக்கு உணவு வைக்க எங்களுக்கு அனுமதி இல்லை."

"சாப்பிட வேண்டாம். சும்மா கொஞ்ச நேரம் இருந்தாப் போதும். அப்பறம் நீங்களே எடுத்துக்குங்க."

ஆறாவது தட்டு அடுப்படியில் சூடாகத்தான் இருந்தது. இறங்கியதும் அதைக் குப்பையில் கொட்டப்போகிறார்கள். தொடாத தட்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதும் புத்தகத்தில் உண்டு. கொண்டுவந்து வைக்க அரை நிமிஷம் ஆகாது. ஆனால் ஒரு கிண்ணம் சூப் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அரை நிமிஷத்தில் மறக்கிற பாடமா.

"புரியுது சார். ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். உங்களுக்கு வேற எந்த விதத்துல உதவ முடியும்?" என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த அளவுக்குத் தலையைச் சாய்த்து, சொல்லிக்கொடுத்த அளவுக்குச் சிரித்தாள்.

அவர் ஒரு கணம் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். "வேற ஒண்ணும் இல்லம்மா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரைக்குப் பின்னால் வந்ததும் இஸ்திரி பெருமூச்சு விட்டாள். பல நாள் கழித்து நெஞ்சு லேசானது. தப்பித்தோம் என்று இருந்தது.

இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு, இருக்கைப் பட்டை கட்டச் சொல்லும் விளக்கு எரிந்தது. அடுப்பை அணைத்து, வண்டிகளைப் பூட்டி, கதவுகளுக்குக் கொக்கி போட்டு முடித்தபோது கேப்டனிடமிருந்து போன் வந்தது.

"ரெண்டாவது வரிசை ஜன்னலோரத்துல இருக்கறவரை முதல்ல இறக்கி விட்டுடுங்க. வாசல்ல ஆள் நிப்பாங்க, நேரா சரக்குப் பக்கம் கூட்டிட்டுப் போவாங்க."

"எதுக்கு கேப்டன்?"

"அவரோட வீட்டம்மா கீழ சரக்கறையில வர்றாங்க. முந்தாநாள் ஆஸ்பத்திரியில தவறிட்டாங்களாம். பயணிங்க சங்கடப்படுவாங்கன்னு முன்னாடியே யார்கிட்டயும் சொல்றதில்ல."

போனை எப்படி வைத்தாள் என்று தெரியவில்லை.  பிறகு போய் அவர் இருக்கைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள்.

"சார், எனக்குத் தெரியாது. இப்பதான் கேப்டன் சொன்னாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும். பரவாயில்ல." நோட்டை மூடப் போனவர், அவள் பார்வை அதன் மேலேயே இருப்பதைக் கண்டு அவள் பக்கம் திருப்பினார். "அவ எழுதினது. வைத்தியத்துக்கு ஆறு தடவை போய் வந்தோம். அவளால சாஞ்சாத்தான் உக்கார முடியும், அதனால முதல் வகுப்பு. மூணு கம்பெனியையும் பாத்துடணும்னு மாத்தி மாத்தி டிக்கெட் போடச் சொல்லுவா. அவளுக்கு எதையும் ஒப்பிட்டுப் பாக்காம இருக்க முடியாது. கத்திரிக்கா வாங்கறதுன்னாலும் மூணு கடை ஏறி இறங்குவா."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"உடம்பு தேறினதும் ஒரு தடவை சும்மா, ஊர் பாக்கப் போகணும், அதுக்கு எது நல்ல கம்பெனின்னு இப்பவே பாத்து வைக்கறேன்னு சொன்னா. உங்க கம்பெனி மட்டும் பாக்கி. இந்தத் தடவை போகும்போது இதுலதான் போனோம். அவளால ஒரு வாய்கூடச் சாப்பிட முடியல. திரும்பறப்ப சாப்பிட்டுப் பாத்து எழுதிக்கலாம்னா. திரும்பற டிக்கெட்டும் அப்பவே ரெண்டு பேருக்கும் எடுத்தாச்சு."

இஸ்திரி எழுந்தாள். "நான் இப்பக் கொண்டு வரேன் சார். பூட்டைத் திறந்து கொண்டு வரேன்."

"வேண்டாம்மா. விளக்கு எரியுது, நீங்க போய் உக்காருங்க." அவர் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "சாப்பாட்டுக்கு நானே எழுதிட்டேன். சூப் நல்லா இருந்தது, இஞ்சி அவளுக்குப் பிடிக்கும். சாறுக்கும் எழுதிட்டேன். கவனிப்புக்கு என்ன போடறதுன்னு எனக்குத் தெரியல. அதெல்லாம் அவதான் போடுவா."

அவர் குறையாகச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்றார். அதுதான் அவளைக் கொன்றது. ஒரு கோபச் சொல் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

முதல் வகுப்புப் பணிப்பெண் இறங்கும்போது உட்காரும் மடக்கு இருக்கை பயணிகளைப் பார்த்தபடி இருக்கும். பட்டையைத் தோளோடு கட்டிக்கொண்டால் எழவும் முடியாது, திரும்பவும் முடியாது. எதிரே இரண்டாம் வரிசை. பத்து நிமிஷம் அவரையும், அவர் பக்கத்தில் ஈரம் இன்னும் காயாத இருக்கையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு கையை அந்த இருக்கையின் கைப்பிடி மேல் வைத்திருந்தார். சக்கரம் தரையைத் தொட்டுக் குலுங்கியபோது அந்தக் கை பக்கத்தில் யாரையோ தாங்குவது போல் நீண்டது, பிறகு திரும்பி வந்தது. இஸ்திரி அழுதாள். பயணிகள் முன்னால் அழுவது புத்தகத்தில் எத்தனையாவது விதிமீறல் என்று அவளுக்குத் தெரியும்.

அவரை முதலில் இறக்கிவிட்டாள். அவர் தலையை அசைத்துவிட்டுப் படி இறங்கினார். சுத்தம் செய்ய ஏறிய ஆட்கள் அடுப்படிக் குப்பைப் பையில் ஆறாவது தட்டையும் கொட்டினார்கள்.

பத்து நாள் கழித்து அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். கவுன்டர்தான் என்று தயாராகிப் போனாள்; உண்மையைச் சொன்னால், அப்படியே ஆகட்டும் என்றுகூட இருந்தது. பணித்தர அதிகாரி எழுந்து கை கொடுத்தார். பெரியக்காவும் அங்கே இருந்தாள், முகமெல்லாம் பல்.

"தொண்ணூத்தி மூணு. இந்த வருஷத்துல மூணு கம்பெனியிலயும் இதுதான் முதலிடம். மாமியார் மூணாவது வரிசையில உக்காந்து கம்பளி பின்னினாங்களாம், உங்களுக்குத் தெரியவே தெரியாதாமே."

"தெரியாது சார்."

"தனியா ஒரு பாராட்டு வேற எழுதியிருக்காங்க. பயிற்சிப் பள்ளியில ஒட்டப் போறோம்." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார். "'முன் இருக்கைப் பயணி ஒருவர், ஏறாத பயணிக்கும் உணவு வைக்குமாறு முறையின்றி வற்புறுத்தினார். பணிப்பெண் சிறிதும் தடுமாறாமல், புன்னகை மாறாமல், விதியை எடுத்துச் சொல்லி மறுத்தார். கவனிப்பு: முழு மதிப்பெண்.'"

பெரியக்கா கை தட்டினாள்.

"சார், அந்தப் பாராட்ட எடுத்துட முடியுமா?" என்று இஸ்திரி கேட்டாள்.

"எதுக்கு? நல்லதாத்தானே எழுதியிருக்காங்க."

"அந்தப் பயணி..." என்று அவள் ஆரம்பித்தாள். அதற்குள் அதிகாரி காகிதத்தை உறையில் போட்டு அவள் கையில் கொடுத்து, நாளை காலை விமானத்துக்கு முதல் வகுப்பு அவளுடையது என்றார்.