பச்சை ஜீப் ஏலம்

நாமக்கல்லில் அந்த அரசாங்க ஆபீஸ் வேப்பமரத்தடியில் நின்ற பச்சை ஜீப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். மேல்துணி கிழிந்து, முன்விளக்கு ஒன்று உடைந்து, இனி உதவாது என்று கண்டம் பண்ணி ஒதுக்கிய வண்டி. இருக்கட்டுமே. லைசென்ஸ் எடுத்து ஒன்றரை வருஷமாக அந்த அட்டையை அரிசிப் பானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் நான். மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்கு பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஜீப் கிடைத்தால் மிளகு மூட்டையை ஏற்றிக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவையும் நானே இறங்கி ஏறலாம். கையில் இருப்பது எண்பதாயிரம். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. இது கை நழுவினால் இந்த ஜென்மத்தில் எனக்கு வண்டி இல்லை.

ஏலத்துக்குப் பேர் கொடுத்தது எங்கள் வீட்டுக்காரர், முத்தன். ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கும் என்பதே அவருக்குச் சந்தேகம். ஆனால் ஏலம் என்றால் தனக்குத்தான் தெரியும் என்று பெரிய நினைப்பு. எங்கள் ஊரில் கோயில் நோம்பி முடிந்ததும் சாமிக்கு வைத்த பலாப்பழத்தை ஏலம் விடுவார்கள். போட்டிக்கு ஆள் இல்லாவிட்டால் கேட்டவரே தன் விலையை ஏற்றிக்கொண்டு போகவேண்டும். மலிவாக எடுத்தால் சாமிக்கு மரியாதைக் குறைச்சல். அப்படி ஏற்றி ஏற்றி இந்த மனுஷன் போன வருஷம் ஒரு பழத்தை நாலாயிரத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஆபீசர் ஐம்பதாயிரத்தில் ஆரம்பித்தார். காளப்பநாயக்கன்பட்டியில் பழைய வண்டி உடைத்து விற்கும் குழந்தைசாமி ஐம்பத்தைந்து என்றார். எங்கள் வீட்டுக்காரர் அறுபது என்றார். குழந்தைசாமி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். முடிந்தது! “அறுபதாயிரம் ஒரு தரம்” என்று ஆபீசர் சொல்லி வாய் மூடவில்லை, “அறுபத்தஞ்சு!” என்று ஒரு சத்தம். யாரென்று பார்த்தால் சாட்சாத் எங்கள் வீட்டுக்காரர்.

“ஏங்க முத்தன், அறுபது கேட்டதே நீங்கதானே?” என்றார் ஆபீசர்.

“ஆமாங்க. எழுபது!”

இடுப்பில் நறுக்கென்று கிள்ளினேன். அந்த வலியில் “எழுபத்தஞ்சு!” என்று கத்தினார்.

குழந்தைசாமியின் முகம் மாறிவிட்டது. தன் விலையைத் தானே ஏற்றுகிறான் என்றால் இந்த மலைக்காரனுக்கு வண்டியில் ஏதோ விஷயம் தெரிந்திருக்கிறது என்று நினைத்தார் போல. ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து “எண்பத்திரண்டு” என்றார். மூன்று தரம் சொல்லி முடித்தும்விட்டார்கள். என் ஜீப் போச்சு.

எனக்கு வந்ததே கோபம்! அத்தனை பேர் முன்னாலும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“உங்களுக்குப் புத்தி இருக்குதா? எஞ்சின் எங்க இருக்குதுன்னாவது தெரியுமா உங்களுக்கு? பலாப்பழமும் ஜீப்பும் ஒண்ணா? ஆளே இல்லாத போட்டிக்கு எதுக்கு ஏத்துனீங்க?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். “நீ ஓட்டப்போற வண்டி, கண்ணாயி. ஆருமே வேண்டாம்னு உட்டதப் பொண்டாட்டிக்கு மலிவா எடுத்துட்டு வந்துட்டான்னு ஊருல ஒரு பேச்சு வந்துரக் கூடாதுல்ல.”

முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பாவி மனுஷன்.

பக்கத்தில் யாரோ கனைத்தார்கள். குழந்தைசாமி. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எஞ்சின் இருக்கும் இடம் தெரியாத ஆளை நம்பியா விலையை ஏற்றினோம் என்று மூஞ்சி செத்துக் கிடந்தது. இனி வேண்டாம் என்றால் ஏலத்துக்குக் கட்டிய முன்பணமும் போய்விடும்.

“ஏனுங்கக்கா, எண்பதுக்கு நீங்களே எடுத்துக்கறீங்களா?”

“அறுபது.”

“என்ற வயித்துல அடிக்காதீங்க. எழுபத்தெட்டு.”

“அறுபதுதானுங்க.”

என்னிடம் நடக்காது என்று தெரிந்ததும் ஆவலாகத் திரும்பி எங்கள் வீட்டுக்காரரைத் தேடினார். “அண்ணா, நீங்க ஒரு விலை சொல்லுங்கண்ணா!”

அவர் காதில் அது விழவே இல்லை. ஜீப்புக்குள் ஏறி, தோள்துண்டை உதறி, டிரைவர் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.